2025: எனக்குப் பிடித்தவை சில

டிசம்பர் பிறந்துவிட்டால் பத்திரிகைக் காரியாலயங்களில் ஒரு சடங்கு தொடங்கும். ஞாயிறு இதழுக்குப் பொறுப்பானவர் ஒவ்வொரு மேசையாக வந்து, ‘வருடத்தின் சிறந்த பத்துப் படங்கள்’, ‘மறக்க முடியாத பத்து ஆட்டங்கள்’ என்று கேட்டு நிற்பார். விளம்பரங்களுக்கு இடையே விழும் வெள்ளை இடத்தை நிரப்ப அதைவிட மலிவான சரக்குக் கிடையாது. முப்பது ஆண்டுகளாக அந்தச் சரக்கை நானும் வழங்கி வந்திருக்கிறேன். பார்க்காத படமொன்றுக்கு ஆறாம் இடம் கொடுத்த பாவமும் என் கணக்கில் உண்டு.

இப்போது என்னை எவரும் கேட்பதில்லை. ஆகவே பத்து என்ற எண்ணும் இல்லை. முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசையும் இல்லை. 2025 ஆம் ஆண்டில் பார்த்தவற்றுள் இன்னமும் மனதிலே கிடப்பவை எவையோ அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது பழைய நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். கிண்ணியாப் பக்கத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். விடயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வெள்ளம் வடிஞ்சு ஒரு மாசம் ஆகல்ல தம்பி. இப்ப படத்தைப் பத்தியா எழுதப் போறீங்க?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதிலுமாக 600 இற்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. மலைநாட்டில் மண் சரிந்து வீடுகளை மூடிற்று. எங்கள் மாவட்டத்தில் மகாவலி பெருகி மூதூர், வெருகல், கிண்ணியாப் பகுதிகள் நீருக்குள் நின்றன. (டித்வா என்பது யேமன் நாடு கொடுத்த பெயர். சொக்கோத்திரா தீவிலுள்ள அழகான கடல்நீரேரி ஒன்றின் பெயராம். இப்படிப்பட்ட பெயர்களை யார் தெரிவு செய்கிறார்களோ!)

ஆயினும் நண்பருக்கு நான் ஒன்றைச் சொன்னேன். பாடசாலையொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்த குடும்பங்களைப் பார்க்கப் போயிருந்தபோது, இரவு ஏழு மணியளவில், வகுப்பறை மூலையில் பதினைந்து பிள்ளைகள் ஒரேயொரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஏதோ வடிவேலு நகைச்சுவை. மின்கலம் எப்போது தீரும் என்ற பயத்துடனேயே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. சிலர் எட்டிப் பார்க்கவும் செய்தார்கள். இதைக் கேட்ட நண்பர், “சரி, எழுதுங்க” என்றார். அனுமதி கிடைத்துவிட்டது.

படங்களிலிருந்து தொடங்குகிறேன். மே மாதம் முதலாம் திகதி வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ படத்தை எங்கள் ஊரில் பார்க்காதவர்களை விரல்விட்டு எண்ணலாம். அபிஷன் ஜீவிந்த் என்ற மிக இளைய இயக்குநரின் முதற்படம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாட்டைவிட்டுப் படகேறிப் போகும் ஒரு குடும்பம், சென்னையில் ஒரு குடியிருப்பில் தன்னை மறைத்துக்கொண்டு வாழ்வதுதான் கதை. சசிகுமாரும் சிம்ரனும் தாய் தந்தையர். இலங்கையர் என்பது தெரியாதிருக்க வேண்டுமானால் வாயைத் திறக்கக் கூடாது. அவர்களுடைய பேச்சே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திரையரங்கில் என் பக்கத்து ஆசனத்தில் இருந்த இளைஞன் படம் முழுவதும் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தான். “அப்பிடிச் சொல்ல மாட்டினம்… இது யாழ்ப்பாணமுமில்லை, மட்டக்களப்புமில்லை…” அவன் சொன்னது சரி. தமிழ்நாட்டுச் சினிமாவில் வரும் ‘இலங்கைத் தமிழ்’ எந்த ஊரிலும் பேசப்படாத ஒரு தனிப் பாஷை. திருகோணமலையான் பேசுவது யாழ்ப்பாணத்தானுக்கே வேறாகப் படும். மூதூர்ப் பேச்சு எங்களுக்கே வேறு. இருந்தும், கடைசியில் அந்தக் குடியிருப்பின் மக்கள் பொலிஸாருக்கு முன்னால் எங்களைப்போலப் பேசத் தொடங்குகிற இடத்தில், திருத்தம் சொன்ன இளைஞன் மௌனமாகிவிட்டான். திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னும் சொன்னால், நானும்.

வெளியே வந்து கடற்காற்றில் நடந்தபோது எதிர்வாதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2022 இல் எங்கள் மாவட்டத்திலிருந்தும் தனுஷ்கோடிக்குப் படகேறினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மண்டபம் முகாம். சென்னைக் குடியிருப்பும் மனமிளகும் பொலிஸ்காரரும் அல்ல. படம் அந்த முகாமுக்குள் நுழையவேயில்லை. அயலவரின் அன்பு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்று காட்டுவது எளிது. அன்பு கிடைக்காத குடும்பத்துக்குச் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பது கடினம். எளிதானதைப் படம் தெரிவு செய்தது. அதை நன்றாகவும் செய்தது. தமிழ்நாட்டுத் திரையில் எங்களவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியோடு வருவார்கள், அல்லது பிணமாகக் கிடப்பார்கள். இந்தப் படத்தில் சமைத்தார்கள், சண்டை பிடித்தார்கள், வாடகைக்கு வீடு தேடினார்கள். அதற்காகவே மிச்சத்தை மன்னிக்கிறேன்.

(2022 என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சனங்கள் இங்கிருந்து கடல்வழியே தப்பியோடிய அதே ஆண்டு மே மாதத்தில், பதவி துறந்த பிரதமர் கொழும்பிலிருந்து தப்பி வந்து தங்கியது எங்கள் கடற்படைத் தளத்தில்தான். எல்லா வகை அகதிகளையும் இந்தத் துறைமுகம் கண்டிருக்கிறது.)

மற்றப் படம் ‘ராணி’. அசோக ஹந்தகம இயக்கியது. ஜனவரி இறுதியில் வெளியானது. வேறொரு வேலையாகக் கொழும்புக்குப் போனபோது பார்த்தேன். பத்திரிகையாளரும் கவிஞருமான றிச்சர்ட் டி சொய்சா 1990 பெப்ரவரி 18 ஆம் திகதி இரவு வீட்டிலிருந்து கடத்திச் செல்லப்பட்டார். அவருடைய உடல் கடற்கரையில் ஒதுங்கியது. அவருடைய தாயார் டொக்டர் மனோராணி சரவணமுத்து கொழும்பின் மேட்டுக்குடித் தமிழ்ப் பெண். மகனின் மரணத்தின் பின்னர் தெற்கிலே பிள்ளைகளை இழந்த ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரோடு வீதிக்கு இறங்கியவர். அவராக நடித்தவர் ஸ்வர்ணா மல்லவாராச்சி.

மனோராணியை நேரில் அறிந்தவர்களிடமிருந்து இப்படத்துக்கு ஆட்சேபங்கள் எழுந்தன. குடிப்பவராகவும் புகைப்பவராகவும் அவரைக் காட்டிய விதம் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த வழக்கில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. என்னுடைய குறை வேறு. அவர் தமிழ்ப் பெண் என்பதைப் படம் அறிந்திருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. 1983 ஐக் கடந்து வந்த கொழும்புத் தமிழ்த் தாயொருத்தி, 1990 இல் சிங்களத் தாய்மார் கூட்டத்தின் நடுவே நிற்கிறபோது அவள் மனதில் என்னென்ன ஓடியிருக்கும்! அந்த இடம் எனக்குப் போதவில்லை.

ஆனால் ஸ்வர்ணா மல்லவாராச்சியின் முகம் இந்தப் பதினொரு மாதமாக என்னை விட்டுப் போகவில்லை. துக்கத்தைக் காட்டும்போது அவர் அழகாக இருக்க முயலவில்லை. கோபத்தையும், சில இடங்களில் ஒருவித அகங்காரத்தையும் ஒளிக்கவில்லை. படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்த வயதான சிங்கள அம்மையார் ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் யாரை நினைத்துக்கொண்டிருந்தாரோ. 1989, 1990 ஆண்டுகளில் யாரையும் இழக்காத வீடு தெற்கில் எத்தனை இருக்கும்? அந்தக் கொலை தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸ் அதிகாரிகள் 2005 இல் விடுதலை செய்யப்பட்டார்கள். கொன்றவர் யாரென்று இன்றுவரை சட்டம் சொல்லவில்லை.

தொலைக்காட்சிக்கு வருவோம். உள்ளூர் அலைவரிசைகளில் இந்த ஆண்டு நான் அதிகம் பார்த்த நிகழ்ச்சி வானிலை அறிக்கை. அதிலும் ஒரு மனக்குறை. ஆற்று மட்டம் எவ்வளவு, எந்தக் கிராமம் வெளியேற வேண்டும் என்ற உத்தியோகபூர்வ அறிவிப்புகள் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்து, தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை. தன்னார்வமுள்ள இளைஞர்கள் இரவிரவாக இருந்து மொழிபெயர்த்துக் கைத்தொலைபேசிகளில் பரப்பினார்கள். என்னைப் பொறுத்தவரை இவ்வாண்டின் சிறந்த ஒலிபரப்பாளர்கள் அவர்கள்தாம். பெயர் தெரியாது, இலக்கணப் பிழைகள் இருந்தன, உயிர்கள் தப்பின.

தொடர் நாடகம் என்றால் ஒன்றே ஒன்று: மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடோலசன்ஸ்’. இங்கிலாந்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வகுப்புத் தோழியைக் கொன்றதாகக் கைது செய்யப்படுகிறான். நான்கே பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் வெட்டில்லாமல், கமெரா ஒரே ஓட்டமாகப் போய்ப் படமாக்கப்பட்டது. வித்தை காட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாம் பகுதியில் ஓர் அறைக்குள் பையனும் உளவியலாளரும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறபோது வித்தையை மறந்துபோனேன். பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் நடிப்பு. செப்டெம்பரில் பதினைந்து வயதில் எமி விருதும் வாங்கிவிட்டான்.

என் மனைவி ஆசிரியை. என்னோடு இருந்து பார்த்தவர், மூன்றாம் பகுதி முடிந்ததும், “இஞ்சருங்கோ, இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலை கடைசி வாங்கிலை இருக்கிறான்” என்றார். பகிடியென்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிரவு வெகுநேரம், வகுப்பறையில் கைத்தொலைபேசியால் வரும் வினைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்துச் சொச்சம் வருடம் ஊர்ச் செய்தி எழுதியவன் நான். சொந்த வீட்டிலிருந்து அரை மைல் தூரத்திலுள்ள பாடசாலையில் நடப்பவற்றை ஓர் ஆங்கில நாடகத்தின் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டில் எனக்கு இந்த ஆண்டு இரண்டு காட்சிகள்.

முதலாவது, ஓகஸ்ட் 4 ஆம் திகதி, லண்டன் ஓவல் மைதானம். இந்தியாவுக்கு எதிராக 374 ஓட்டங்களை நோக்கிய இங்கிலாந்தின் ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்துவிட்டது. முதல்நாள் களத்தடுப்பில் தோள்மூட்டு விலகிய கிறிஸ் வோக்ஸ், இடக்கையைக் கட்டி மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, வலக்கையில் மட்டையோடு படியிறங்கி வருகிறார். காயத்தோடு போராடும் வீரன் என்ற புகழ்ச்சி எனக்குப் பொதுவாக ஒவ்வாது. அத்தகைய கதைகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நாடு இது. ஆனால் வோக்ஸ் அன்றைக்குப் போராடவுமில்லை. ஒரு பந்தைக்கூட அவர் எதிர்கொள்ளவில்லை. மறுமுனையில் அட்கின்சன் அடித்துவிட்டு ஓடும்போது கூடவே ஓடினார். ஒவ்வோர் ஓட்டத்திலும் வலியில் முகம் கோணிற்று. சிராஜ் அட்கின்சனின் விக்கெட்டைச் சாய்த்தார். இந்தியா ஆறு ஓட்டங்களால் வென்றது; தொடர் 2–2. ஓட்டப் பதிவேட்டில் வோக்ஸின் பெயருக்கு நேரே பூச்சியம், ஆட்டமிழக்கவில்லை. ஐந்து நாள் ஆட்டம் செத்துவிட்டது என்று பத்து வருடமாக எழுதிவருகிற நண்பர்களுக்கு அந்தப் பூச்சியத்தைச் சமர்ப்பிக்கிறேன்.

இரண்டாவது, ஒக்டோபர் 20, தீபாவளி நாள். வீட்டில் உறவினர்கள், பலகாரம், சத்தம். மகளிர் உலகக் கிண்ணத்தில் இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் நவி மும்பையில் ஆட்டம். நாங்கள் எடுத்தது 202. கடைசி ஓவரில் அவர்களுக்குத் தேவை 9 ஓட்டங்கள். பந்தை யார் கையில் கொடுப்பது? அணித்தலைவி சமரி அத்தபத்து தானே எடுத்துக்கொண்டார். அடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள், அவற்றில் ஒன்று ரன் அவுட். ஏழு ஓட்டங்களால் வெற்றி. அந்தச் சுற்றுப்போட்டியில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றியும் அதுதான். கொழும்பில் நடக்கவேண்டிய ஆட்டங்களில் பலவற்றை மழை தின்றுவிட்டது.

வெற்றியைவிட எனக்குப் பிடித்தது வீட்டுக் கூடத்தில் நடந்தது. பெண்கள் கிரிக்கெட் என்றால் அலைவரிசையை மாற்றுகிற என் மைத்துனர், பொரிவிளாங்காயைக் கையில் வைத்தபடி கடிக்க மறந்து நின்றார். பதினொரு வயது மருமகள், “மாமா, தள்ளுங்கோ, மறைக்குது” என்று அவரைப் பிடித்துத் தள்ளினாள். அவரும் தள்ளி நின்றார். நவம்பர் 2 ஆம் திகதி இறுதியாட்டத்தில் இந்தியா தென்னாபிரிக்காவை 52 ஓட்டங்களால் வென்றதையும், அதற்கு முன் அரையிறுதியில் ஜெமிமா றொட்றிகஸ் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 127 எடுத்ததையும் அவர் தாமாகவே வந்திருந்து பார்த்தார். மருமகளுக்கு ஒரு மட்டை வேண்டுமாம். கடையில் விலை கேட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கலை என்ற தலைப்பின்கீழ் கொழும்புக் கண்காட்சிகளைப் பற்றி எழுதுவதுதான் மரபு. நான் கோணேசர் மலைக்குப் போகிறேன். 1950 ஆம் ஆண்டு, நகரசபையார் கிணறொன்று தோண்டியபோது, கோயிலிலிருந்து ஐந்நூறு யார் தொலைவில் மண்ணுக்கடியில் செப்புத் திருமேனிகள் அகப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி… போர்த்துக்கேயத் தளபதி 1622 இல் கோயிலை இடித்தபோது யாரோ அவற்றை அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்திருக்க வேண்டும். இடித்த கற்களைக் கொண்டுதான் கோட்டை கட்டினார்கள். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல் இன்னமும் வாசலில் இருக்கிறது. புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை, அல்லது இடம் சொல்லாமல் இறந்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், தண்ணீருக்குத் தோண்டியபோது மண்வெட்டி பட்டது.

இந்த ஆண்டு அதற்கு எழுபத்தைந்து வருடம் நிறைந்தது. விழா எதையும் நான் காணவில்லை. சனக்கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் மலையேறிப் போய் அரைமணி நேரம் அத்திருமேனிகளின் முன்னே நின்றேன். சின்ன வயது முதல் கும்பிட்டு வருகிறவன். பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டும். கும்பிடுகிறபோது கண்ணை மூடிக்கொள்கிறோமல்லவா! அன்று கண்ணைத் திறந்து, சிற்பமாகப் பார்த்தேன். திரும்பும் வழியில் கோட்டை மான்கள் இரண்டு பொலித்தீன் பையொன்றை இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தன. பையைப் பறித்தேன். என்னைப் பகைவனாகப் பார்த்துவிட்டு அடுத்த பையைத் தேடிப் போயின.

டிசம்பர் 16 ஆம் திகதி ஜேன் ஒஸ்ரின் பிறந்து 250 ஆண்டுகள். இங்கிலாந்தில் கொண்டாடினார்கள். கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் அவருடைய நாவல்களைப் பரீட்சைக்காக வாசித்து வெறுத்தவன் நான். பிற்பாடுதான் தெரிந்தது, அவருடைய கடைசித் தம்பி றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின் எங்கள் ஊரில் அடங்கியிருக்கிறார் என்பது. 1852 இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இளவயதில் கப்பற் பரிசுப் பணம் கிடைத்தபோது அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கி அனுப்பியவர். அன்றைக்கு மழை விட்டிருந்ததால் கல்லறைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, 1995 இல் பிபிசி தயாரித்த ‘பெர்ஸுவேஷன்’ தொலைப்படத்தை மீண்டும் பார்த்தேன். எட்டு வருடம் பிரிந்திருந்த கடற்படைத் தளபதியும் ஒரு பெண்ணும் அதிகம் பேசாமலேயே காதலிக்கிற கதை. முப்பது வருடம் பழைய படம் 2025 இன் பட்டியலில் வரலாமா என்று கேட்காதீர்கள். ஆசிரியர் மேசையில் இப்போது நானே இருக்கிறேன்.

பட்டியல் இவ்வளவுதான். ‘ராணி’யைப் பற்றி எழுதியபோது ஒன்றைத் தவிர்த்துவிட்டுப் போனேன். அதைத் தவிர்க்க முடியாது.

எங்கள் ஊரில் ஆண்டிறுதிப் பட்டியல்களுக்கு ஆயுள் இரண்டு நாள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று கூறப்பட்டது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின, பத்திரிகையில் வெளிவந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சுகிர்தராஜனைக் கொன்றவர்கள் நீதிமன்றம் வரை வரவேயில்லை. அந்நாளில் இந்த நகரத்தில் செய்தி எழுதியவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவோம். ஓர் ஆண்டிறுதிப் பட்டியலை எழுதி அனுப்பிவிட்டு, புதுவருடப் பலகாரம் தீருமுன்னர் அந்த வாரத்துக்குள் நாங்கள் நுழைந்தோம். அதன் பிறகு சில வருடங்கள் நான் பட்டியல் எழுதவில்லை. கேட்டால் சுகமில்லை என்று சொல்லிவிடுவேன்.

கொழும்புத் திரையரங்கில் றிச்சர்ட்டின் உடல் ஒதுங்கிய கடற்கரையைப் பற்றிய படத்தைப் பார்த்தபோது வேறொரு கடற்கரைதான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் கொழும்பில் ஒரு படம் வந்திருக்கிறது. இங்கே நடந்ததை யார் எடுப்பார்கள், எந்தப் பேச்சில் எடுப்பார்கள், பக்கத்து ஆசனத்து இளைஞன் என்ன திருத்தம் சொல்வான் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வருகிற ஜனவரியில் இருபது வருடம் நிறைகிறது. கிண்ணியா நண்பர் 2 ஆம் திகதி மாலை சாப்பிட அழைத்திருக்கிறார். வீட்டைக் கழுவி முடித்துவிட்டாராம், தொலைக்காட்சிப் பெட்டிதான் போய்விட்டதாம். 3 ஆம் திகதி வருகிறேன், பழைய பெட்டியொன்று என்னிடம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.